வட்டம் போட்ட முகங்கள்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுத வந்திருக்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். வக்கீல் ஆபீஸில் பல வருஷம் டைப் அடித்தேன் என்றாலும் அதில் ஒரு வரிகூட நானாக யோசித்து எழுதியது கிடையாது. அடுத்தவர் சொல்லச் சொல்ல அடித்துத்தான் பழக்கம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் வக்கீல்கள் சங்க ஆண்டு மலரில் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும்.

எங்கள் ஆபீஸை இப்போது நடத்தும் வக்கீல் மகாலட்சுமிதான் விடவில்லை. போன மாதம் அவருடைய கேஸ் ஒன்றில், தோஹாவில் வேலை செய்யும் ஒருவர் அங்கே இருந்தபடியே வீடியோவில் சாட்சி சொன்னாராம். டீ குடித்துக்கொண்டே என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "அக்கா, உங்க காலத்துல வெளிநாட்டுல இருக்கறவங்கள வெச்சிக்கினு எப்படிக்கா கேஸ் நடத்தனீங்க? அந்தக் காலனி கேஸைப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார். என் காலம் என்று அவர் சொல்வது ஒன்றும் பழைய காலம் இல்லை. எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்த பிறகு நடந்ததுதான். எனக்கும் இன்னும் அறுபது ஆகவில்லை. முன்பு ஆபீஸை நடத்திய எங்கள் வக்கீல் அய்யா தொழிலை நிறுத்தியபோது நானும் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் முடித்தேன். கோர்ட்டு எதிரில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே என் டைப்பில் தப்பு கம்மி என்று பார்த்து அய்யா கூப்பிட்டுக்கொண்டார். கேஸ் கட்டுத் தைப்பது, பக்கத்துக்கு எண் போடுவது, ஸ்டாம்ப் ஒட்டுவது, வாய்தா குறித்து வைப்பது எல்லாம் அங்கே பழகியதுதான்.

அய்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கட்சிக்காரர் யார் வந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டார். எழுந்து வந்து அவர்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்காருவார். முதல் நாள் நடந்ததைக் கேட்கவே மாட்டார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், காலையில் சாப்பிட்டீர்களா, வீட்டில் மாடு யார் பார்த்துக்கொள்கிறார்கள், இப்படித்தான் பேச்சு போகும். அப்புறம் சொல்ல ஆரம்பித்தால், யாராவது "கேள்விப்பட்டேன்", "சொன்னாங்க" என்று பேசினால் பேனா மூடியைப் போட்டுவிடுவார். திட்ட மாட்டார். மூடி போட்ட பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அவர்களாகவே புரிந்துகொண்டு, தங்கள் கண்ணால் பார்த்த இடத்துக்குத் திரும்பி வந்தால் மூடியைத் திறப்பார். சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அதனால் தோற்ற கேஸ்களும் உண்டு.

அந்தக் கேஸ் தியாகதுருகத்துக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஆட்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த ஊர்க் காலனியில் பாதி வீட்டு ஆம்பிளைகள் வெளிநாட்டில். சிங்கப்பூரில் கட்டட வேலை, குவைத்தில் டிரைவர் வேலை. சிங்கப்பூரில் இருந்த பழனிவேலின் தங்கை பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தாள். அவர்கள் சந்தோஷப்பட்டு, தியாகதுருகத்தில் ஒரு பிளக்ஸ் கடைக்குச் சொல்லி பேனர் அடிக்க வைத்தார்கள். நடுவில் அந்தப் பெண். கீழே வரிசையாகச் சிங்கப்பூர்க்காரர்கள் முகம், எல்லாம் கூலிங் கிளாஸோடு. காலனிக்குள் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று ஊர் பஸ் ஸ்டாப்பிங் பக்கத்தில் வைத்தார்கள். ஊர்த்தெரு ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை. விடிந்து பார்த்தால் பேனர் கிழிந்து கிடந்தது. யார் கிழித்தது என்று காலையில் வாய்ச்சண்டை. பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டம் காலனிக்குள் இறங்கியது. ஓடு உடைந்தது, வண்டிகள் எரிந்தன, பலருக்கு அடி. பழனிவேலின் அம்மாவுக்குக் கை முறிந்தது.

பழனிவேல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் மனைவி மல்லிகாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு மல்லிகா வெளியே ஓடும்போது போன் கையில் இருந்தது. தள்ளுமுள்ளில் அது கீழே விழுந்தது. விழுந்த போனில் அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஊர்த்தெரு கோவிந்தசாமியின் முகம், மல்லிகாவின் கையைப் பிடித்து இழுத்த அவருடைய கை. அப்புறம் போன் உடைந்து படம் போய்விட்டது. அப்பாவுக்கு போன் போட்டு அவர் சொன்ன முதல் பெயர் கோவிந்தசாமி. அப்பா கொடுத்த புகாரிலும் அந்தப் பெயர் ஏறியது.

மல்லிகாதான் நிறைய ஆட்களை நேராகப் பார்த்தவர். சாட்சி சொன்னால் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டல் வந்ததால், சின்ன மகளோடு அவரைக் கல்வராயன் மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். பழனிவேலின் அப்பா மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போய்ப் பழகிய ஆண்டி என்பவர் வீட்டில் தங்கினார். அங்கே போனில் சிக்னல் கிடையாது. ஊரை ஒட்டின பாறை மேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும்.

எங்களிடம் இந்தக் கேஸைக் கொண்டுவந்தவர் காசி அண்ணன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். பெரிய குரல். அரசு வக்கீலுக்கு உதவியாகக் காலனி பக்கம் அய்யா வக்காலத்துப் போட்டார். பணத்தை விடப் பெரிய சிக்கல் வெளிநாட்டுக்காரர்களைச் சேர்த்து வைப்பதாக இருந்தது. சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை லீவு. குவைத்தில் வெள்ளிக்கிழமை. சங்கத்துக்காரர்களுக்கு வேலை இல்லாத நாள்தான் லீவு. எல்லோரும் ஒன்றாகப் பேச நேரமே அமையாது. வெள்ளிக்கிழமை குவைத்தில் பேசியதைக் காசி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் சொல்வார். அங்கே பேசியதைத் திரும்ப இங்கே சொல்வார். நடுவில் எங்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்து, "எங்க ஆயா காலத்துல தந்தி அடிச்சிக்கினு இருந்தாங்க. இப்ப நான்தான் தந்தி" என்பார். அய்யா பேசுவது அவருக்குப் போதாது. "உங்க வக்கீலு வார்த்தைய வாடகைக்கு வாங்கிக்கினு வந்து பேசறாரா?" என்று என்னைக் கேலி பண்ணுவார்.

வெளிநாட்டில் இருந்த அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பணம் அனுப்பி உடைந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் தூரத்தில் இருப்பவனுக்குக் கோபம் ஜாஸ்தி, செய்ய வேலை கம்மி. யாரோ போனில் எடுத்த சின்ன வீடியோ ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதிலிருந்து முகங்களை வெட்டி, சிவப்பில் வட்டம் போட்டு, தெரிந்த பெயர்களை எழுதி, அதே பிளக்ஸ் கடைக்காரரை வைத்து ஒரு போஸ்டர் செய்தார்கள். நடுவில் பெரிதாகக் கோவிந்தசாமி. பேனர் வைப்பது எப்படியோ அப்படியே செய்திருந்தார்கள், வாழ்த்துக்குப் பதில் 'குற்றவாளிகள்' என்று போட்டு. அது சிங்கப்பூரிலிருந்து குவைத்துக்குப் போய், குவைத்திலிருந்து தியாகதுருகத்துக்கு வந்து, அச்சாகிச் சுவரிலும் ஏறியது.

காசி அண்ணன் பெருமையாகத்தான் அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அய்யா பேனா மூடியைப் போட்டார். அப்புறம், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஆட்களின் பெயர் காலனிக்காரர்களுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காட்ட வேண்டும், இப்போது எல்லாச் சாட்சியும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள், இனி அவர்கள் யாரைக் காட்டினாலும் 'நீ ஆளைப் பார்க்கவில்லை, போஸ்டரைப் பார்த்தாய்' என்று எதிர்த்தரப்பு சொல்லும், கோர்ட்டும் அதை ஒதுக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். காசி அண்ணன் முகம் தொங்கிப் போனது.

"போஸ்டரைப் பாக்காதவங்க யாராவது இருக்காங்களா?" என்று அய்யா கேட்டார்.

மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்த மல்லிகா ஒருவர்தான் பாக்கி. அய்யா என்னைப் பார்த்து, "வளர்மதி, நீ போய்ப் பாத்துட்டு வா. படம் எதுவும் காட்டாதே. குற்றப்பத்திரிகையில இருக்கற பேர்களை மட்டும் படிச்சுக் காட்டு" என்றார்.

காசி அண்ணனும் நானும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலை ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். ஆண்டி வீட்டு வாசலில் மல்லிகா பெண்களோடு உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். குழந்தை ஆண்டியின் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சாமைச் சோறு போட்டார்கள். பஸ், குழந்தை, மாமியார் கை என்று பேசிவிட்டு, நான் குற்றப்பத்திரிகையில் இருந்த பெயர்களை மெதுவாகப் படித்தேன். தெரிந்த பெயர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே சீவினார். கோவிந்தசாமி என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இவரு பேரு இதுல ஏன் கீது?"

பழனிவேல் பார்த்ததைச் சொன்னேன். மற்ற பெண்கள் எழுந்து உள்ளே போன பிறகுதான் மல்லிகா சொன்னார். அன்றைக்குக் கோவிந்தசாமி கையைப் பிடித்து இழுத்தது உண்மை. இழுத்துக்கொண்டு ஓடியது அவருடைய கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கு. அடிபட்ட மாமியாரையும் நாத்தனாரையும் குழந்தையையும் முதலிலேயே அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார். எல்லோரையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார். விடியும்போது வந்து திறந்தார். திறந்தவர் முதலில் கேட்டது சத்தியம். நான் தொறந்து வுட்டன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது, உன் புருஷன்கிட்டகூடச் சொல்லக் கூடாது என்று, குழந்தை தலை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமியாரும் நாத்தனாரும் அதே சத்தியத்தைக் கொடுத்ததால்தான் வீட்டில்கூட யாருக்கும் தெரியவில்லை.

"யக்கா, உங்கிட்ட சொன்னதே தப்பு" என்று மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "எம் புள்ள தலையில அடிச்சி குடுத்த சத்தியம்."

காசி அண்ணன் பகுத்தறிவுக்காரர். இந்தச் சத்தியம் கித்தியம் எல்லாம் பார்க்காதே, ஒன்றும் ஆகாது என்றார். மல்லிகா அவரைப் பார்த்து, "உங்க புள்ள தலையில நான் கைய வெக்கட்டுமாண்ணா?" என்று கேட்டார். காசி அண்ணன் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

அவருடைய பிரச்சினை எனக்குப் புரிந்தது. சாட்சிக் கூண்டில் ஏறினால் ஒவ்வொரு ஆளாகக் காட்டச் சொல்வார்கள். கோவிந்தசாமியைக் குற்றவாளி என்று காட்டினால் அது பொய். காப்பாற்றினவர் என்று சொன்னால் சத்தியம் போயிற்று, அவரும் தன் தெருவில் இருக்க முடியாது. கூண்டில் ஏறவே மாட்டேன் என்றால், காலனிக் கேஸ் அதோடு முடிந்தது. காலனிக்காரர்கள் முகத்தில் விழித்து வீட்டுக்கும் திரும்ப முடியாது.

முதலில் புருஷனிடம் பேச வேண்டும் என்றார். பாறை மேல் ஏறினோம். என் போனைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பழனிவேல் உடனே எடுத்தார். நான் தள்ளிப் போகப் பார்த்தேன், மல்லிகா என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் பழனிவேல் நம்பவில்லை. பயந்துபோய்ச் சொல்கிறாயா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் கண்ணால பாத்தன்டி" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"நீ கையத்தான்யா பாத்த" என்றார் மல்லிகா. "அந்தக் கையில இருந்தது நானு."

பழனிவேல், "அன்னிலேர்ந்து அந்தாள தெனம் மனசுல வெட்டிக்கினு இருக்கன்" என்றார். அப்புறம் அழுதார். மல்லிகா அழவில்லை. குழந்தை சாப்பிட்டதா, அவர் சாப்பிட்டாரா என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து அய்யாவிடம் சொன்னேன். மல்லிகாவை என்ன சொல்லச் சொல்வது என்று கேட்டேன். "கோர்ட்டுல இன்னொரு சத்தியம் வாங்குவாங்க. ரெண்டுல எதுன்னு அந்தப் பொண்ணுதான் முடிவு பண்ணணும். நாம சொன்னா அது நம்ம சாட்சி, அவங்க சாட்சி இல்ல" என்றார். அரசு வக்கீலுக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுக் கூட்டத்தில் பிரச்சினை ஆனது. எல்லா முகத்தையும் எடுத்துவிட வேண்டும், இனி கள்ளக்குறிச்சி வக்கீல் ஆபீஸில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று பழனிவேல் சொன்னார். காரணம் கேட்டார்கள். காரணம் சொன்னால் கோவிந்தசாமி விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லவில்லை. குவைத்தில் இருந்த முருகேசன் குரல் செய்தி போட்டார். அதைக் காசி அண்ணன் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்: "இன்னாடா பழனி, சிங்கப்பூர்ல வெயில் ஜாஸ்தியா? போஸ்டர் போட்டவனே கிழிக்கச் சொல்றான். எவன்கிட்ட எவ்ளோ வாங்கன?" போஸ்டர் நீக்கப்பட்டது. விலை போய்விட்டான் என்ற பேச்சைப் பழனிவேல் பல மாதம் தாங்கிக்கொண்டார்.

அப்படியும் கூட்டம் உடையவில்லை. அதற்குக் காரணம் முருகேசன்தான் என்று சொல்ல வேண்டும். திட்டினவர்தான் நல்ல யோசனையும் சொன்னார். வாய்தாவுக்கு வாய்தா எதிர்த்தரப்பு வேன் வைத்து ஆள் கொண்டுவந்து விழுப்புரம் சிறப்புக் கோர்ட்டு வராந்தாவை நிரப்பிவிடுவார்கள். காலனியில் கூலி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் வர ஆளில்லை. சாட்சி தனியாக நிற்பார். முருகேசன், நாம் எல்லோரும் எப்படியும் வருஷத்துக்கு ஒரு லீவு எடுக்கிறோம், பொங்கலுக்கு ஒட்டுமொத்தமாக வருவதற்குப் பதில் முறை வைத்து வாய்தாவுக்கு வருவோம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் சிங்கப்பூரிலிருந்தோ குவைத்திலிருந்தோ ஒருவராவது வந்து, சங்கத்துக்காரர்களோடு கோர்ட்டில் உட்கார்ந்திருப்பார். அக்கா தங்கை கல்யாணத்துக்குக்கூட வராதவர்கள் வந்தார்கள். கம்பெனியில் என்ன காரணம் சொல்வீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "வாய்தான்னா அவனுக்குப் புரியாதுக்கா. கோயில் திருவிழான்னு சொல்லிக்கினு வரோம். ஒங்க ஊருல இவ்ளோ திருவிழாவான்னு கேக்கறான்" என்றார்.

இதற்கிடையில் காசி அண்ணன் தியாகதுருகம் உரக்கடையில் கோவிந்தசாமியைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார். பேசியது அவர் இல்லை, கோவிந்தசாமிதான். பக்கத்தில் வந்து நின்று மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. ஜெயிலுக்குப் போனாலும் திரும்பி வந்து தெருவுல தலை நிமிந்து நடப்பேன். காட்டிக் குடுத்தவன்னு பேரு வந்தா என் பொண்ண எவன் கட்டுவான்?"

அய்யாவுக்கு இது பிடிக்கவில்லை. எதிரியோடு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோடு, நம் பக்கம் பேசவே கூடாது, இனிமேல் உரக்கடையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று காசி அண்ணனிடம் சொன்னார். சொன்ன சேதியை மல்லிகாவிடம் கொண்டுபோகவும் விடவில்லை. ஆனாலும் அதை அவர் யோசித்துக்கொண்டே இருந்தார் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் டிக்டேஷன் கொடுக்கும்போது இரண்டு தடவை நிறுத்திவிட்டார்.

சாட்சிகளைத் தயார் செய்வதில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. மகாலட்சுமி இதை எழுதச் சொன்னார், அதனால் எழுதுகிறேன். சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை அதற்கு முந்தின வாய்தாவிலேயே அழைத்துப்போய், மதியம் கோர்ட்டு கலைந்த பிறகு காலி அறையைக் காட்டுவேன். கூண்டில் ஏற்றி நிற்க வைப்பேன். ஜட்ஜ் இங்கே, டைப் அடிக்கிறவர் இங்கே, எதிரிகள் அங்கே வரிசையாக நிற்பார்கள், கேட்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் நீ ஜட்ஜைப் பார்த்துச் சொல், டைப் சத்தம் நின்ற பிறகு அடுத்த வார்த்தை சொல் என்பேன். பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று காட்டுவேன். காலையில் வயிறு நிறையச் சாப்பிடச் சொல்வேன். பாதிப் பேர் கூண்டில் தடுமாறுவது பயத்தால் இல்லை, பசியால். மல்லிகா காலிக் கூண்டில் நின்று, எதிரிகள் நிற்கும் இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது ஆளாக நிற்பார் என்று மட்டும் கேட்டார். யார் என்று அவர் சொல்லவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

அவர் சாட்சி சொன்ன நாளில் லீவு முறை பழனிவேலுடையது. மல்லிகா மலையிலிருந்து வந்து எங்களோடு கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினார். கோர்ட்டில் பழனிவேலும் முருகேசனும் காசி அண்ணனும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். முருகேசன் முறை இல்லாமலேயே வந்திருந்தார்.

அரசு வக்கீல் கேட்கக் கேட்க மல்லிகா நடந்ததைச் சொன்னார். டைப் சத்தம் நின்ற பிறகே அடுத்ததைச் சொன்னார். ஆட்களைக் காட்டச் சொன்னபோது ஒவ்வொருவராகக் காட்டினார். இவர் ஓட்டை உடைத்தார், இவர் மாமியாரைக் கட்டையால் அடித்தார், இவர் பெயர் தெரியாது, மஞ்சள் சட்டை போட்டிருந்தார், வண்டியில் தீ வைத்தார். பெயர் தெரியாதவர்களையும் தயங்காமல் காட்டினார். கடைசிக்கு முந்தின ஆளாகக் கோவிந்தசாமி நின்றார். தரையைப் பார்த்தபடி, வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது.

மல்லிகா அங்கே நிறுத்திவிட்டார். ஜட்ஜம்மா, "சொல்லும்மா, இவர் என்ன செஞ்சார்?" என்று கேட்டார்.

"இவரு கையப் புடிச்சி இழுத்தாரு" என்றார் மல்லிகா. எதிர்த்தரப்பில் ஒருவர் சிரித்தார். "இழுத்துக்கினு போயி அவரு மோட்டார் கொட்டாயில எங்கள உள்ள வுட்டு பூட்டனாரு. காலையில தொறந்து வுட்டாரு. இவரு அடிக்கல. இத சொல்லக் கூடாதுன்னு எம் புள்ள மேல சத்தியம் வாங்கனாரு. நான் குடுத்தேன். ஆனா இங்க நின்னுக்கினு எனக்குப் பொய் சொல்ல வரலம்மா."

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் போஸ்டரை எடுத்தார். நாங்கள் எதிர்பார்த்ததுதான். உன் புருஷன் போட்ட போஸ்டரில் இவர் படம்தானே பெரிதாக இருக்கிறது, அது பொய் என்றால் மற்ற முகங்களும் பொய்தானே என்றார். மல்லிகா அந்தப் போஸ்டரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, "இத நான் பாத்ததே இல்லீங்க. நான் இருந்த எடத்துல போன் எடுக்காது" என்றார். "இவரு படம் போட்டது தப்புதான். அது என் வூட்டுக்காரரு தப்பு. மத்தவங்கள நான் படத்துல பாக்கல. என் வாசல்ல பாத்தேன்."

அய்யா பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

தீர்ப்பு வர இன்னும் காலம் ஆனது. சிலருக்குத் தண்டனை, சிலருக்கு விடுதலை, மேல்முறையீடு இன்னும் ஹைகோர்ட்டில் இருக்கிறது. கோவிந்தசாமி விடுதலை. மல்லிகா அடையாளம் காட்டிய வெளியூர் ஆட்களைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. கோவிந்தசாமியைத் தெருவில் கொஞ்ச காலம் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவில்லை. அவர் பெண்ணுக்கு வேறு மாவட்டத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மல்லிகாவின் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆறாவது படிக்கிறாள். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் மல்லிகா எனக்கு போன் செய்திருக்கிறார்.

மல்லிகா சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் கோர்ட்டை விட்டு வந்தபோது, எதிர்த்தரப்பு வேன் கோவிந்தசாமியை ஏற்றாமலே போய்விட்டிருந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். முன்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். மல்லிகா என்னோடு பின்னால் இருந்தார். அவர் பக்கம் பார்க்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் கூட்டம் ஏறியபோது பழனிவேல் எழுந்து முன்னால் போனார். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றார். கோவிந்தசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"வாணாம்பா. வண்டியில நம்ப ஊர்க்காரங்க கீறாங்க" என்றார்.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பழனிவேல் உட்கார்ந்தார். கோவிந்தசாமி ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். அவர்கள் அதற்குமேல் ஏதாவது பேசினார்களா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மல்லிகா மலைக்குப் போய் ஆண்டி வீட்டில் சொல்லிக்கொண்டு, மகளையும் துணிப் பையையும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். காலனி முனையில் பஸ் நிற்காது. ஊர் ஸ்டாப்பிங்கில்தான் நின்றது. அங்கே இறங்கி, ஊர்த்தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போனார். பழனிவேலோடு கூடப் போன காசி அண்ணன், வழியில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார்.